ஊர் சிறுத்தால் தங்காத நோய்

கேள்வி: தட்டம்மை, சின்னம்மை எல்லாம் மனிதன் தோன்றிய நாளிலிருந்தே இருக்கின்றனவா? சில ஊர்களில் பல வருடம் காணாமல் போய்விட்டுத் திடீரென்று கிளம்புகின்றனவே, இடையில் அவை எங்கே இருக்கின்றன?

பதில்: இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. சின்னம்மை மிகப் பழையது; நம் முன்னோர் சிறு கூட்டங்களாகக் காட்டில் திரிந்த காலத்திலேயே கூட நடந்திருக்க வேண்டும். தட்டம்மை நேற்று வந்தது. பெரிய நகரங்கள் தோன்றுமுன் அது மனிதரிடையே நிலைத்திருக்க வழியே இல்லை. இடையில் எங்கே என்கிறீர்கள். சின்னம்மைக் கிருமி அதே ஊரில், பெரியவர்களின் உடம்பிலேயே இருக்கிறது. தட்டம்மையோ சின்ன ஊரிலிருந்து அடியோடு போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்துதான் புதிதாக வந்து இறங்குகிறது.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபரோ தீவுகள். 1781-இல் அங்கே தட்டம்மை வந்து போனது. அதன் பிறகு 65 வருடம் ஒன்றுமில்லை. 1846 மார்ச் கடைசியில் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு தச்சர் நோயோடு கரையிறங்கினார். சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 7,800 பேரில் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய பீட்டர் லுட்விக் பானும் என்ற 25 வயது மருத்துவர் கிராமம் கிராமமாகப் போய் யாருக்கு எந்தத் தேதியில் தடிப்பு வந்தது என்று எழுதினார். ஒரு கிராமத்திலிருந்து பத்து ஆண்கள் படகேறி ஜூன் 4 அன்று வேறோர் ஊருக்குத் திமிங்கில வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். ஜூன் 18 அன்று பத்துப் பேருக்கும் ஒன்றாகத் தடிப்பு வெடித்தது. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக இரண்டு வாரம் என்ற கணக்கு இப்படித்தான் கிடைத்தது. இன்னொன்றும் தெரியவந்தது: 1781-இல் தட்டம்மை கண்ட கிழவர், கிழவிகளில் ஒருவருக்குக்கூட அது மறுபடி வரவில்லை.

நோய் அந்த 65 வருடமும் யார் கண்ணிலும் படாமல் அங்கேயே ஒளிந்திருந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் ஒளிந்திருந்தால் இடையில் பலரைத் தொட்டிருக்கும். தொட்டவர்கள் 1846-இல் தப்பியிருப்பார்கள். நடந்தது வேறு. நோய் நுழைந்த கிராமங்களில் 65 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் குழந்தை, குமரி, குடும்பத்தலைவர் என்ற பேதமில்லாமல் விழுந்தார்கள். நடுவில் யாரும் அதைச் சந்தித்ததே இல்லை.

ஏன் இப்படி என்பது சாதாரண வாய்க்கணக்கு. தட்டம்மை பிடித்தவரிடமிருந்து நோய் பரவுவது தடிப்புக்கு நான்கு நாள் முன்பிருந்து நான்கு நாள் பின்புவரை. அதற்குள் இதுவரை நோய் காணாத ஒருவரைப் பிடித்தாக வேண்டும். பிடிக்கத் தவறினால் சங்கிலி அறுந்தது. ஒருமுறை வந்தவருக்கு ஆயுள் முழுக்கத் தடுப்பு உண்டு என்பதால் புது ஆள் என்றால் பெரும்பாலும் புதிதாகப் பிறந்த பிள்ளைதான். ஆயிரம் பேருக்கு வருடம் 40 பிறப்பு என்று வையுங்கள். 5,000 பேர் உள்ள ஊரில் இரண்டு வாரத்துக்கு எட்டுப் பிள்ளைகள் பிறக்கும். அதிலும் முதல் சில மாதம் தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு இருக்கும். ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி முடித்த கிருமிக்கு இது போதாது. ஐந்து லட்சம் பேர் இருந்தால் இரண்டு வாரத்துக்கு எழுநூற்றுக்கு மேல். சங்கிலி அறாது. 1957-இல் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் பார்ட்லெட் இங்கிலாந்து நகரங்களின் பதிவேடுகளைப் பார்த்து, இரண்டரை மூன்று லட்சத்துக்குக் கீழே இருக்கும் ஊர்களில் தட்டம்மை இடையிடையே அற்றுப்போவதைக் காட்டினார். 1966-இல் ஃபிரான்சிஸ் பிளாக் தீவுகளை எடுத்துப் பார்த்தபோது ஏறக்குறைய ஐந்து லட்சம் தேவைப்பட்டது. தீவுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்துபோவது குறைவு அல்லவா, எண் கூடியதில் ஆச்சரியமில்லை.

தொற்றுவதில் சின்னம்மையும் சளைத்ததல்ல. அதுவும் ஒருமுறை வந்தால் பெரும்பாலும் மறுபடி வராது. பிறகு அது மட்டும் எப்படிச் சின்ன ஊரில் தங்குகிறது? விடை அக்கியில் இருக்கிறது. நம் ஊரில் குயவர் காவி தொட்டு எழுதுவார்களே, அதே அக்கிதான். சின்னம்மை ஆறிய பிறகும் கிருமி சாவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஐம்பது வருடம் கழித்து அக்கியாக எழும்பும்போது கொப்புள நீரில் அதே கிருமி இருக்கும். மடியில் கிடக்கும் பேரனுக்கு அது சின்னம்மையாகப் போகும். இங்கிலாந்தின் சிற்றூர் மருத்துவர் ஹோப் சிம்ப்சன் 1965-இல் இதை விரிவாக எழுதினார். பின்னர் பிளாக் குழுவினர் அமேசான் காட்டில் ஒதுங்கி வாழ்ந்த பழங்குடிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது சின்னம்மை அங்கே நிலைத்திருந்த தடயம் கிடைத்தது, தட்டம்மைக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் தட்டம்மை எங்கிருந்து வந்தது? மாட்டிடமிருந்து. அதன் மிக நெருங்கிய உறவு, 2011-இல் உலகை விட்டே ஒழிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோய்க் கிருமி. 1912-இல் பெர்லினில் தட்டம்மையோடு இறந்த ஒரு சிறுமியின் நுரையீரல் அங்குள்ள மருத்துவ அருங்காட்சியகத்தில் ரசாயனத்தில் ஊறிக் கிடந்தது. அதிலிருந்து மரபுத் தொடரை எடுத்துப் படித்தவர்கள், இரண்டு கிருமிகளும் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரிந்திருக்கலாம் என்று 2020-இல் அறிவித்தார்கள். முந்தைய கணிப்புகள் கி.பி. 9-ஆம் நூற்றாண்டை ஒட்டி நின்றன. இந்தத் தேதியும் திருத்தப்படலாம். தவிர, அது கிருமிகள் பிரிந்த நாளே ஒழிய மனிதனிடம் தாவிய நாள் அல்ல. ஆனால் லட்சக்கணக்கானோர் நெருங்கி வாழ்ந்த நகரங்கள் உலகில் எழுந்த காலத்தை அது ஒட்டி நிற்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை.

சுத்தமும் சோறும் கூடியதால்தான் இந்த நோய்கள் குறைந்தன என்று சொல்பவர்கள் உண்டு. சாவு குறைந்ததற்கு அது பொருந்தும். தொற்று குறைந்ததற்குப் பொருந்தாது. அமெரிக்காவில் குழாய்த் தண்ணீரும் சாக்கடை வசதியும் வந்து வெகுகாலம் ஆன பிறகும், 1963-இல் தடுப்பூசி வரும்வரை, அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை வந்தது. தடுப்பூசி செய்வது பெரிய ஊரைக் கிருமியின் கண்ணுக்குச் சின்ன ஊராக்குவது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குப் போட்டால்தான் அது நடக்கும். சமோவாவில் சுமார் இரண்டு லட்சம் பேர்தான். தட்டம்மை தானாகத் தங்க முடியாத நாடு. 2018-இல் அங்கே குழந்தைகளுக்கு ஊசி போடுவது மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. அடுத்த வருடம் வெளியிலிருந்து நோய் வந்தது. 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள்.

பெரியம்மையை 1980-இல் ஒழித்ததாக அறிவித்ததுபோலத் தட்டம்மையையும் ஒழிக்க முடியும். இரண்டுக்கும் விலங்கிலும் புகலிடம் இல்லை, பிழைத்தவர் உடம்பிலும் ஒளிவிடம் இல்லை. சின்னம்மையில் அந்தச் சுலபம் கிடையாது. இன்றோடு ஒரு பிள்ளைக்கும் வராமல் தடுத்துவிட்டாலும், இந்த வருடம் வந்து ஆறிய பத்து வயதுப் பையன் எழுபது வயதில் அக்கியோடு உட்காரலாம். அவன் பேரப்பிள்ளைகளுக்கும் ஊசி போட்டாக வேண்டும்.