பேங்க் நாளில் மதியம் என்ன சாப்பிடுறோம்?



நம்ம கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு நாள் சத்துணவு பற்றிப் பாடம் நடத்தினோம். கீரை சேர்க்கணும், எண்ணெயைக் குறைக்கணும், உப்பைக் குறைக்கணும் என்று எல்லாம் பேசி முடித்தோம். ஒரு மணிக்குச் சாப்பாடு வந்தது. ஆளுக்கு மூணு பரோட்டா, சால்னா பார்சல்! பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒரு மதினி கேட்டார், "அப்போ பாடம் யாருக்கு நடத்தினோம்?" எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே சாப்பிட்டும் முடித்தோம்.

ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. புன்னைக்காயலில் வீட்டில் இருக்கிற நாளில் நம்ம சாப்பாட்டுக்குப் பெரிய குறை சொல்ல முடியாது. சாளையோ நெத்திலியோ போட்டு ஒரு குழம்பு, சோறு, ஏதாவது ஒரு கறி என்று ஓடிவிடும். வெளியே போகிற நாளில்தான் கெடுகிறது. பேங்கு, தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் காலேஜ் என்று மாதத்தில் நாலைந்து நாள் பஸ் ஏறுகிறோம். ஆத்தூர், முக்காணி, பழையகாயல் தாண்டித் தூத்துக்குடி போய்ச் சேரும்போதே பசி வந்துவிடும். காலையில் குடித்தது ஒரு காப்பி மட்டும். வேலை முடிய இரண்டு மணி ஆகும். அப்புறம் கண்ணில் படுகிற கடையில் டீயும் ரெண்டு வடையும். அதுதான் மதியச் சாப்பாடு.

இப்படிப் போன ஒரு நாளில் நம்ம உறுப்பினர் ஒருவர் வரிசையில் நிற்கும்போதே கண் இருட்டிக் கீழே உட்கார்ந்துவிட்டார். பிறகு ரத்தம் பரிசோதித்ததில் ரத்தசோகை என்று தெரிந்தது. அவருக்கு மட்டுமா? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. நம்ம குழுவில் 12 பேர் இருந்தால் ஆறேழு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் டீக்கும் பங்கு உண்டு. சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேராமல் டீயும் காப்பியும் தடுக்கின்றன. டீயை நிறுத்தச் சொல்லவில்லை, சொன்னால் நீங்களும் கேட்க மாட்டீர்கள், நாங்களும் நிறுத்த மாட்டோம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ, ஒரு கொய்யாக்காய், நெல்லிக்காய் கடித்தாலோ அந்த இரும்புச்சத்து நன்றாகச் சேரும். ரத்தசோகைக்கு மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் டீயோடு விழுங்கக் கூடாது.

இனி பரோட்டாவுக்கு வருவோம். தூத்துக்குடிக்காரர்களிடம் பரோட்டாவைக் குறை சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ருசியில் குறை இல்லை, அதை ஒத்துக்கொள்கிறோம். கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கி அரைப்பதுதான் மைதா. நார்ச்சத்தும் பெரும்பாலான சத்துக்களும் அந்த நீக்கின பகுதியோடு போய்விடுகின்றன. மிச்சம் மாவுச்சத்து. அதைப் பிசையும்போது எண்ணெய், வீசும்போது எண்ணெய், கல்லில் போடும்போது எண்ணெய். பொரிச்ச பரோட்டா என்றால் எண்ணெயிலேயே குளித்து வரும். சால்னாவில் உப்பும் எண்ணெயும் அதிகம், காய் கிடையாது. பரோட்டா எப்போதாவது ஒரு நாள் ஆசைக்கு என்றால் சரி. அதுவும் ரெண்டோடு நிறுத்தி, சால்னாவைக் குளம்போல ஊற்றாமல் தொட்டுச் சாப்பிட்டு, கூட ஒரு அவித்த முட்டையும் நிறைய வெங்காயமும் வாங்கிக்கொள்ளலாம்.

உப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன் அளவு. நாமோ கருவாடு, ஊறுகாய் பழகியவர்கள். வெளியே சாப்பிடுகிற நாளில் ராத்திரி வீட்டிலும் கருவாடு வைத்தால் அளவு எங்கேயோ போய்விடும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்கிற பெண் தன்னார்வலர்கள் நம்மைப் போலக் குழுக்களில் இருந்து வந்தவர்கள்தான். வந்தால் கதவைச் சாத்தாதீர்கள், கையை நீட்டுங்கள்.

வடை, பஜ்ஜி கடையில் எண்ணெயைப் பாருங்கள். கறுத்து, கெட்டியாகி, நுரை கட்டி, புகைந்தால் பலமுறை காய்ந்த எண்ணெய். கெட்டுப்போன எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்புத் துறையின் விதியே இருக்கிறது. நம்ம குழுக்களில் பலகாரக் கடை வைத்திருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறோம்.

அப்படியானால் கடையில் என்னதான் சாப்பிடுவது? எங்களுக்குப் பிடிபட்ட வழி ஒன்று. சோறு, இட்லி, பரோட்டா எதுவானாலும் அது வயிற்றை நிரப்பும். கூட என்ன வருகிறது என்று பாருங்கள். பயறு, முட்டை, மீன், தயிர் இதில் ஒன்றும், காய் ஒன்றும் இருந்தால் அது சாப்பாடு. எலுமிச்சைச் சாதப் பொட்டலம் மட்டும் என்றால் அது வெறும் சோறும் எண்ணெயும். அதோடு ஒரு அவித்த முட்டையோ ஒரு பொட்டலம் சுண்டலோ வாங்குங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. அளவுச் சாப்பாடு வாங்கினால், "அண்ணாச்சி, சோத்தைக் குறைச்சுப் போடுங்க, கூட்டு இன்னொரு கரண்டி வைங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதல் தடவை கூச்சமாக இருக்கும். லோன் கேட்கிற நமக்கு ஒரு கரண்டி கூட்டு கேட்க என்ன? மீன் பொரித்ததைவிடக் குழம்பு மீன் நல்லது. கலர் சோடாவுக்குப் பதிலாக மோர். கருப்பட்டிக் காப்பி என்றால் சுகர் ஏறாது என்று நினைக்கிறவர்கள் உண்டு, அதுவும் இனிப்புதான்.

கையில் காசு குறைவு என்றால் அம்மா உணவகம். 2013இல் சென்னையில் தொடங்கி அதே ஆண்டில் தூத்துக்குடி உட்பட மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்தது. சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று தொடங்கினார்கள். அடுப்படியில் நிற்பவர்கள் சுய உதவிக்குழுப் பெண்கள். சாம்பார் சாதத்தில் பருப்பு இருக்கிறது, காய் கொஞ்சம்தான். வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி அவித்த கடலையோ ஒரு வெள்ளரிக்காயோ பையில் போட்டுப் போனால் போதும்.

தண்ணீர் பற்றி யாரும் பேசுவதில்லை. கழிப்பறை இல்லை என்று பயந்து நாம் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதே இல்லை. கண் இருட்டுவதற்கும் நீர்க்கடுப்புக்கும் இதுவும் காரணம். போகிற ஆபீசில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று கேட்பது நம்ம உரிமை. தனியாகக் கேட்டால் பதில் வராது, நாலு பேராகக் கேளுங்கள்.

கூட்டத்துச் சாப்பாட்டையும் மாற்றினோம். பரோட்டா பார்சலுக்குக் கொடுத்த அதே பணத்தை நம்ம குழு ஒன்றிடம் கொடுத்தோம். சாம்பார் சாதம், முட்டை, தட்டைப்பயறுச் சுண்டல், மோர் வந்தது. கணக்குத் தப்பி நாலு பேருக்கு முட்டை கிடைக்கவில்லை, அதற்கு ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. ஆனால் பணம் கடைக்குப் போகாமல் குழுவுக்கே வந்தது.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர் இவற்றைக் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுத வேண்டும்: போன தடவை டவுனுக்குப் போனபோது யார் யார் என்ன சாப்பிட்டோம்? அதில் பயறோ முட்டையோ மீனோ இருந்ததா? கூட டீ குடித்தோமா? ரத்தசோகைப் பரிசோதனை செய்யாதவர்கள் எத்தனை பேர், அவர்களை எந்த நாளில் யார் கூட்டிப் போவது?