கற்றல் ஏணி உங்கள் கையில்

எண்ணூர், திருவொற்றியூர், மணலி தொழிற்சாலைகளில் அப்ரண்டிஸாகச் சேரும் ஐடிஐ, டிப்ளமா மாணவர்களுக்கு அங்கே நோட்ஸ் எழுதிப்போட ஆள் கிடையாது. எது தெரியும், எது தெரியாது என்பதை அவரவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கான வழியைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் முன்பே காட்டியிருக்கின்றன. 2003-இல் அப்போதைய ஆணையர் எம்.பி.விஜயகுமார் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-இல் அது தமிழகம் முழுவதும் பரவியது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட, பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திய கற்றல் ஏணியில் தன் படியைப் பார்த்து, அதற்குரிய அட்டையைத் தானே எடுத்துப் படித்தது. நான்கு நாள் வராமல் போனாலும் விட்ட படியிலிருந்து தொடர முடிந்தது. அதே முறையை ஒர்க்‌ஷாப்புக்கும் கொண்டுவரலாம்.

1. ஏணியை எழுதுங்கள். அப்ரண்டிஸின் முன்னேற்றத்தை நிறுவனம் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். அது நிறுவனத்தின் பதிவு. உங்களுக்கென்று தனி நோட்டு போடுங்கள். ஃபிட்டர் என்றால் ஃபைலிங், டிரில்லிங், டேப்பிங், டிராயிங் படிப்பது என வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘பார்த்தேன்’, ‘உதவியோடு செய்தேன்’, ‘தனியாகச் செய்தேன்’ என்று குறியுங்கள்.

2. புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். உளவியலாளர் ஜான் டன்லாஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்து 2013-இல் அறிக்கை வெளியிட்டனர். கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பலனே தருகின்றன. தன்னைத் தானே சோதிப்பதும் இடைவெளிவிட்டுப் படிப்பதும்தான் அதிகப் பலன் தருகின்றன என்றது அது.

3. நாள்விட்டுத் திரும்புங்கள். இன்று கற்றதை நாளை, மூன்றாம் நாள், அடுத்த வாரம் என மீண்டும் செய்யுங்கள். ஷிப்ட் மாறினாலும் பத்து நிமிடம் போதும்.

4. கேள்வியைக் கூர்மையாக்குங்கள். “புரியலண்ணா” என்றால் சீனியர் எங்கிருந்து தொடங்குவார்? “மெயின் ஸ்கேல் படிக்கத் தெரியுதுண்ணா, வெர்னியர்ல எந்தக் கோடு சேருதுன்னு பார்க்கத்தான் வரல” என்று கேட்டால் இரண்டே நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

5. தவறை எழுதுங்கள். ஷிப்ட் முடிந்ததும் மூன்று வரி: எது தவறியது, ஏன், நாளை என்ன மாற்றம்.

பயிற்றுநர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவர் வந்து நின்றால் விடையைச் சொல்லும் முன், “நீ என்ன செஞ்சு பார்த்தே?” என்று கேளுங்கள்.

மெஷின்கள் மாறும், கம்பெனியும் மாறலாம். புதியதைத் தானே கற்கத் தெரிந்தவருக்கு எந்த ஷாப் ஃப்ளோரிலும் வேலை உண்டு. இன்றே நோட்டைத் திறந்து முதல் படியை எழுதுங்கள்.