சோனிக் 2-இல் காணாமல்போன மாளிகை

போன எபிசோட்டில 'ஹிடன் பேலஸ்' கதையை அவசரமாச் சொல்லிட்டன். இங்க ஆறுதலாப் பார்ப்பம்.

சோனிக் 2 மெகா டிரைவுக்கு வந்தது 1992 நவம்பரில. வெளியீட்டுக்கு முந்தின ஒரு புரோட்டோடைப் பிறகு இணையத்தில கசிஞ்சது. அதில மினுங்கும் கற்கள் நிறைஞ்ச குகையா, ஹிடன் பேலஸ் எண்டொரு அரைகுறைக் கட்டம் இருக்கு. கடையில வித்த கார்ட்ரிஜ்ஜில அந்தக் கட்டம் இல்லை. ஆனா அதுக்கு ஒதுக்கின 8ஆம் இலக்கம் வெறுமையா அப்பிடியே கிடக்கு. சவுண்ட் டெஸ்டில 10 போட்டா அதின்ர இசைகூடக் கேக்கும்!

வெறும் இலக்கத்தை ஏன் விட்டு வைக்கவேணும்? நான் சூரிச்சில லேர செய்யேக்க அடிபட்டுத்தான் படிச்சன். எங்கட சின்ன விளையாட்டில பாவிக்காத மூண்டாம் கட்டத்தைத் தூக்கினன். நாலு மூண்டாச்சு, அஞ்சு நாலாச்சு. சேமிச்ச ஆட்டமெல்லாம் பிழையான கட்டத்தில திறந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம். பழைய பிரதியைத் தேடினா, நான் எடுத்தே வைக்கேல்லை. திங்கள் காலமை காட்டவேணும். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் இருந்து அந்தக் கட்டத்தை ஞாபகத்தில திரும்பக் கட்டினன். அம்மா சோத்தை மேசைக்கே கொண்டுவந்து தந்தா.

அந்த இடத்தை வெறுமையா விட்டிருந்தா ஒண்டும் ஆகியிராது.

2013 மொபைல் பதிப்பில மாளிகையைத் திரும்பக் கட்டிச் சேர்த்திட்டினம். மிஸ்டிக் கேவ் இரண்டாம் பகுதியில ஒரு முள்ளுக்குழி இருக்கு. 1992இல விழுந்தா சாவுதான். மொபைலில விழுந்தா நேரே மாளிகை. குதிச்சுப் பாருங்கோ.