உள்ளக் காயமும் உணவும்

உணவு உடலை வளர்ப்பது, மருந்து நோயைத் தீர்ப்பது என்று நாம் பிரித்துப் படிக்கிறோம். பெருந்துயர் கண்ட ஒருவரைத் தேற்றும்போது இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. போர், பஞ்சம், வெள்ளம், கொடுமை, உற்றார் சாவு ஆகியவற்றால் மனத்தில் விழும் காயத்தை உளக்காயம் என்பர். அத்தகையோருக்கு எதை, எவ்வளவு கொடுப்பது என்பதோடு, எவ்வாறு கொடுப்பது என்பதையும் ஊட்டச்சத்துத் துறை இன்று ஆராய்கிறது. இது பற்றி நான் படித்தறிந்ததையும், எங்கள் நெல்லிவாசல்நாட்டு வாழ்க்கையில் கண்டதையும் இங்குக் கூற முற்படுகிறேன்.

எவ்வளவு கொடுப்பது?

சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். எங்கள் திருப்பத்தூர் வட்டம் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சிறிது காசும் போதும் என்றார் வைசிராய் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதனை எதிர்த்தார். உழைப்பவனுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். 1877 மார்ச்சில் மாகாண அரசு ஒன்றேகால் பவுண்டு தானியமும் ஒன்றரை அவுன்சு பருப்பும் என அளவை உயர்த்தியது. உயிர் போகாமல் காப்பது வேறு, ஆளைத் தேற்றுவது வேறு என்பதை நம் மண்ணில் ஒரு மருத்துவர் வலியுறுத்திய நிகழ்ச்சி இது.

எவ்வாறு கொடுப்பது?

அளவு மட்டும் போதாது என்பதை 1945 காட்டிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 15 அன்று ஜெர்மனியில் பெர்கன்-பெல்சன் வதைமுகாமைப் பிரிட்டிஷ் படை மீட்டது. எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களுக்குப் படைவீரர்கள் இரக்கத்தோடு தங்கள் டப்பா உணவைக் கொடுத்தனர். அதனைத் தாங்காமல் பலர் இறந்தனர். நெடுநாள் பட்டினிக்குப்பின் திடீரென மிகுந்த உணவு சேர்ந்தால் இன்சுலின் சுரந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் புகுந்துவிடுகின்றன. இதயம் தடுமாறுகிறது என்று இன்று அறிவோம்.

பின்னர், 1943 வங்காளப் பஞ்சத்தில் பயன்பட்ட, சர்க்கரை சேர்ந்த கலவையைக் கொண்டுவந்தனர். அதன் தித்திப்பு அம்மக்களின் நாவுக்கு ஒவ்வவில்லை. பலரால் உண்ண முடியவில்லை. டாக்டர் ஜேனட் வாகன் போன்றோர் முன்கூட்டியே செரிக்கச்செய்த புரதத்தை ஊசி வழியே ஏற்ற முயன்றபோது, நோயாளிகள் அலறினர். முகாமில் ஊசி என்றால் சாவு என்றே அவர்கள் கண்டிருந்தனர். உயிர் கொடுக்க வந்த உணவே அவர்களுக்கு எமனாய்த் தோன்றிற்று. உடலின் பசியை அளந்தவர்கள் உள்ளத்தின் அச்சத்தையும் அறிய வேண்டியிருந்தது என்பதே பெல்சன் தரும் பாடம்.

அறிவியல் கூறும் காரணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வால்ட்டர் கேனன் என்ற உடலியலார், உணவு உண்ட பூனைகளை எக்ஸ் கதிர் மூலம் ஆராய்ந்தார். பூனை கலக்கமுற்றதும் அதன் இரைப்பையின் அசைவு நின்றுபோனது! அச்சத்தில் பரிவு நரம்பு மண்டலம் செயற்பட்டு, செரித்தலைத் தடுத்துவிடுகிறது. ஆகவே, அதட்டி ஊட்டிய சோறு வயிற்றில் விழலாம். உடலில் ஒட்டுவது கடினம்.

பட்டினியும் மனத்தை மாற்றுகிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், 36 ஆரோக்கியமான தொண்டர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் தட்டை நக்கினர். எந்நேரமும் உணவையே நினைத்தனர். எரிச்சலும் சோர்வும் கொண்டனர். உணவு மீண்டும் கிடைத்த பிறகும் பலருக்கு அந்தப் பசி உடனே அடங்கவில்லை. படித்த இளைஞர்களே இவ்வாறாயின், சிறு பிள்ளைகள் எம்மாத்திரம்?

எங்கள் மலையில்

சாமையும் கேழ்வரகும் விளையும் எங்கள் ஜவ்வாது மலையில், நிலம் போதாமல் பலர் வெளியூர்க் கூலிக்குச் செல்கின்றனர். போனவர் எல்லோரும் திரும்புவதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் எங்கள் மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். தந்தையை இழந்த பிள்ளைகள் பலர் விடுதிகளில் தங்கிப் படிக்கின்றனர்.

நான் தங்கிப் படித்த விடுதி ஒன்றில், வேலைக்குப் போன இடத்தில் தகப்பனைப் பறிகொடுத்த ஒரு சிறுமி இருந்தாள். தட்டில் வைத்ததில் பாதியைப் பாவாடை மடிப்பில் ஒளித்து, தலைமாட்டில் வைத்துக்கொள்வாள். களி காய்ந்து எறும்பு மொய்க்கும். பொறுப்பிலிருந்தவர் இதைத் திருட்டு என்று கூறி, ஒருநாள் அவளுக்கு இராச்சாப்பாட்டை நிறுத்தினார். மறுநாள் அவள் இன்னும் அதிகமாக ஒளித்தாள். பிறகு சமையல் செய்யும் அம்மா ஒருவர், இரவு தோறும் அவளை அடுப்படிக்கு அழைத்துச் சென்று, மாவுப் பானையைத் திறந்து காட்டுவார். “பாரு கண்ணு, நாளைக்கும் இருக்குது” என்பார். சில வாரங்களில் தலைமாட்டில் களி வைக்கும் வழக்கம் நின்றது. அந்த அம்மா எந்த நூலும் படித்தவர் அல்லர். ஆனால் அச்சிறுமிக்கு வேண்டியது கூடுதல் களி அன்று, நாளையைப் பற்றிய நம்பிக்கை என்பதை அறிந்திருந்தார்.

செய்யத்தக்கவை

ஒன்று: குறித்த நேரத்தில், தவறாமல் உணவு தருதல். நேரம் தவறாத உணவே அஞ்சிய மனத்துக்கு முதல் ஆறுதல்.

இரண்டு: பழகிய உணவைத் தருதல். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. எங்கள் பிள்ளைக்கு அது சத்து மட்டுமன்று, தாய்வீட்டு மணமும் ஆகும்.

மூன்று: “என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும்?” என்று கேட்டல். எல்லாம் கைநழுவிப் போனவருக்கு இச்சிறு உரிமையும் பெரிது.

நான்கு: உணவைத் தண்டனையாகவோ பரிசாகவோ ஆக்காதிருத்தல்.

ஐந்து: நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாக ஊட்டுதல்.

உணவு ஒன்றே உளக்காயத்தை ஆற்றிவிடும் என்று நான் கூறவில்லை. மருத்துவமும் ஆற்றுப்படுத்தலும் வேண்டும். ஆயினும் மருத்துவர் வரும்முன் அந்தப் பிள்ளையிடம் நாள்தோறும் செல்வது சோற்றுத் தட்டே அன்றோ!

1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு எனத் தட்டில் சோறு விழ நம் மாநிலம் வழி செய்துள்ளது. அதைப் பரிமாறும் கை எப்படி இருக்க வேண்டும் என்பதே இனி நாம் கற்க வேண்டியது. நம்மில் பலர் நாளை ஆசிரியராக, விடுதிக் காப்பாளராக, செவிலியராகப் போகிறவர்கள். என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தட்டை ஒளிக்கும் பிள்ளையைக் கண்டால் கள்வர் என்று எண்ணாமல், “நாளைக்கும் இருக்கிறது” என்று சொல்லும் பட்டதாரிகளாய் நாம் வெளியேறுவோமாக!