அரிவாண்மணையும் கத்தியும்: கைகாக்கும் முறைமை

அரிதல், நறுக்குதல், சீவுதல், கீறுதல், வகிர்தல், பிளத்தல், துருவுதல் எனக் காய்கனிகளைக் கூறு செய்யும் தொழிலுக்குத் தமிழில் வினைச்சொற்கள் பல உள. அவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. கீரையை அரிகிறோம், மாங்காயைக் கீறுகிறோம், பூசணியைப் பிளக்கிறோம். ஒவ்வொரு சொல்லினுள்ளும் கையின் ஓர் இயக்கம் அடங்கியிருக்கிறது. ஒரு கருவிக்குரிய இயக்கத்தை மற்றொரு கருவிக்குக் கொள்ளும்போது விரல் அறுபடுகிறது என்பதே ஈண்டு நாம் எடுத்துரைக்க விழைவது.

முதற்கண் அரிவாண்மணையை நோக்குவோம். அரிவாளும் மணையும் புணர்ந்து அரிவாண்மணை ஆயிற்று. மணை என்பது பலகை. 'மனை' என எழுதுவாரும் உளர். வீட்டைக் குறிக்கும் அச்சொல்லுக்கும் இக்கருவிக்கும் தொடர்பில்லை. தெலுங்கு நாட்டிலும் வங்கத்திலும் இத்தகைய கருவி உண்டு. இதில் வாள் அசையாது நிற்க, காயைப் பற்றிய கைகள் வாளை நோக்கிச் செல்கின்றன. கத்தியிலோ இதற்கு நேர்மாறு. காய் அசையாதிருக்க, வாள் இயங்குகிறது.

தரையில் அமர்ந்து சமைத்த நிலை மாறி, மேடையருகே நின்று சமைக்கும் நிலை வந்தபோது, பல இல்லங்களில் அரிவாண்மணையின் இடத்தைக் கத்தி பிடித்துக்கொண்டது. ஆனால் பலகை உடன் வரவில்லை. வெங்காயத்தை இடக்கையில் ஏந்திக் கத்தியைப் பெருவிரலை நோக்கி இழுத்து நறுக்கும் காட்சியை இன்றும் காண்கிறோம். பலகையின் வேலையை உள்ளங்கை செய்கிறது. வெங்காயம் வழுக்கினால் வாளைத் தடுத்து நிறுத்த விரலையன்றி வேறொன்றும் இல்லை.

சுங்குடிக்கும் தறிக்கும் பேர்பெற்ற சின்னாளப்பட்டியில் இதைச் சிறு காயமென்று ஒதுக்கிவிட முடியாது. அறுந்த இழையைத் தேடி முடிபவையும், துணியைக் கிள்ளிச் சுங்குடி முடிச்சிடுபவையும் விரல்நுனிகளே. நுனியில் உணர்வு குன்றினால் இழையின் மென்மை தெரியாது, கூலியும் குறையும்.

ஆகவே கத்தி உள்ள வீட்டில் பலகையும் இருத்தல் வேண்டும். அதனடியில் ஈரத்துணி ஒன்றை விரித்தால் பலகை நகராது. உருளும் காயை முதலில் இரண்டாகப் பிளந்து, தட்டைப் பக்கம் கீழாக வைத்தல் நன்று. காயைப் பற்றும் கையின் விரல்நுனிகளை உள்மடக்கி, பெருவிரலைப் பின்னொதுக்கினால், கத்தியின் பக்கம் விரற்கணுவைத் தொட்டுச் செல்லுமேயன்றி நுனியை அறுக்காது. மழுங்கிய கத்தியே பாதுகாப்பானது என்னும் எண்ணம் பிழையானது. மழுங்கிய வாள் தக்காளித் தோலில் இறங்காது வழுக்கும். மிகுதியாக அழுத்தச் செய்யும். கை தவறி விழும் கத்தியைப் பிடிக்க முயலலாகாது. விலகி நிற்பதே அறிவு. கழுவும் தொட்டியில் நுரைநீருக்குள் கத்தியைப் போட்டு வைத்தல், பின்னால் வந்து கைவிடுவார்க்குக் கேடு.

நம் மாவட்டத்து மலைக்கனிகள் இரண்டைத் தனியே சொல்லியாக வேண்டும். பலாவின் பால் ஒட்டாதிருக்க எண்ணெய் பூசுகிறோம். எண்ணெய் வாளுக்கும் சுளை பிரிக்கும் கைக்குமே உரியது; கைப்பிடியைப் பற்றும் கையில் பட்டால் கத்தி வழுக்கும். மற்றொன்று, வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ. கீழ்ப்பழனி மலையில் விளையும் இதற்கு, தடியன்குடிசைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 'டி.கே.டி. 1' என்னும் இரகத்தையே வெளியிட்டுள்ளது. பழத்தைக் கையில் ஏந்தி, கொட்டையைக் கத்திமுனையால் குத்தி எடுக்க முயன்று உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டோர் பலரைக் கண்ட பிரிட்டானிய அறுவை மருத்துவர்கள், 2017-இல் இதுபற்றி எச்சரித்தனர். பழத்தைப் பலகையில் கிடத்தி, கொட்டையைச் சுற்றி நீளவாக்கில் அறுத்து, இரு பாதிகளையும் திருகிப் பிரித்து, கரண்டியால் கொட்டையை அகழ்ந்தால் போதும்.

அரிவாண்மணையை விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. வாழைப்பூவுக்கும் கீரைக்கும் அதற்கு நிகர் இல்லை என்றே கருதுகிறோம். மணையை அசையாது அழுத்திக்கொள்ளுதல், கடினக் காயை வாளில் பதித்தபின் கட்டைவிரல்களை வாளின் நேர்க்கோட்டில் வையாது இருபுறமும் பற்றுதல், இறுதித் துண்டைப் பேராசையோடு அரியாது விட்டுவிடுதல் ஆகியன போதும். யாரேனும் அழைத்தால் வாளை நிமிர்ந்தபடி விட்டு எழுந்து செல்வதே பேரிடர். தவழும் குழந்தைக்கு வாள் முகத்தின் உயரத்தில் நிற்கும். மடக்கு வாளாயின் மடக்குக. அன்றேல் வாள்முகம் சுவரை நோக்கச் சாய்த்து வைக்க.

இத்தனைக்கும் பின் வெட்டுப்பட்டால், ஓடும் நீரில் கழுவித் தூய துணியால் இறுக அழுத்திக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துக. பத்து நிமிடம் துணியை எடுத்து எடுத்துப் பார்த்தலாகாது. காப்பித்தூளும் மஞ்சளும் அப்புவது நம் இல்லங்களில் பழகிய வைத்தியம். அது காயத்தின் ஆழத்தை மறைக்கும், அழுக்கையும் உட்செலுத்தலாம். வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றுக. இரணசன்னித் தடுப்பூசி போட்ட ஆண்டையும் மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். நீரிழிவு உடையார்க்குச் சிறு காயமும் ஆற நாட்படும். குருதி நின்ற பின் ஒவ்வொரு விரலையும் மடக்கி நீட்டிப் பார்க்க வேண்டும். மடங்காவிடில் தசைநார் அறுபட்டிருக்கலாம். நுனி மரத்திருந்தால் நரம்பு அறுபட்டிருக்கலாம். மேற்றோல் சிறிதே கிழிந்திருப்பினும், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது.