நெட்வொர்க் டிரைவில் கிட் வைக்கிறீர்களா?
புதுக்கோட்டையில் நாலைந்து பேர் சேர்ந்து நிரல் எழுதும் சின்ன அலுவலகமா? பொது நெட்வொர்க் டிரைவில் கிட் ரெப்போ வைக்கலாம். ஆனால் அங்கேயே திறந்து வேலை செய்யாதீர்கள். வரலாறு மட்டும் இருக்கும் 'பேர்' ரெப்போ அங்கே, வேலைப் பிரதி அவரவர் கணினியில். 'கிட் ஸ்டேட்டஸ்' கோப்பு கோப்பாகத் தொட்டுப் பார்க்கும். நெட்வொர்க்கில் அது ஆமை வேகம்தான். அந்த டிரைவ் இருக்கும் நாஸ் பெட்டியில் எஸ்எஸ்ஹெச் இருந்தால் அதன் வழியே புஷ் செய்வதே மேல்.

கரண்ட் போய் வந்தபின் 'இண்டெக்ஸ்.லாக்' இருக்கிறதென்று கிட் முரண்டு பிடிக்கிறதா? அந்தப் பிரதியில் வேறு கிட் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு, அந்த ஒரு கோப்பை மட்டும் அழியுங்கள். பெட்டியில் இருக்கும் ரெப்போவையும் 'கிட் எஃப்எஸ்சிகே' ஓட்டிச் சோதியுங்கள்.

2018 நவம்பர் கஜா புயலில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. பெட்டிக்கு யுபிஎஸ் கட்டாயம். வெளியூரில் இன்னொரு பிரதியும் இருக்கட்டும்.