டிரான்ஸ்பார்மர் உறுப்புகளைத் தெரிந்து வாங்கும் முறை

காவிரிப் படுகையிலுள்ள பெரிய அரிசி ஆலைகள் உயர் அழுத்த மின்சாரத்தைச் சொந்த டிரான்ஸ்பார்மர் கொண்டு குறைத்து உபயோகிப்பதுண்டு. அறுவடைக் காலத்தில் அஃது எரிந்துபோமாயின், புழுங்கலுக்கு ஊறவைத்த நெல் புளித்துக் கெடும். குடியானவர் கொணர்ந்த நெல்லும் தேங்கிவிடும். ஆதலின் அதனைக் காக்கும் சிறு உறுப்புகளை அளவறிந்து வாங்குதல் அவசியம்.

1. பியூஸ் கம்பி: 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் முழுச் சுமையின்போது 11,000 வோல்ட் பக்கத்தில் சுமார் 5¼ ஆம்பியரும், 433 வோல்ட் பக்கத்தில் சுமார் 133 ஆம்பியரும் ஓடும். இக்கணக்கிற்கு ஏற்ற கம்பியே தக்கது. அடிக்கடி அறுகின்றதென்று தடித்த கம்பியைக் கட்டினால், கம்பி நிற்கும். உள்ளிருக்கும் சுருள் எரியும்.

2. சிலிகா ஜெல்: உட்புகும் காற்றின் ஈரத்தை இஃது உறிஞ்சும். நீல வகை இளஞ்சிவப்பாக மாறினால் உடனே மாற்றுதல் வேண்டும். ஈரம் எண்ணெயிற் கலந்தால் மின்சாரத்தைத் தடுக்கும் வலிமை குன்றும்.

3. இடிதாங்கி: 11,000 வோல்ட் கம்பிகளுக்கு 9 கே.வி. அளவுள்ளதை அமைப்பது வழக்கம். அதனை டிரான்ஸ்பார்மருக்கு மிக அருகில் வைத்து, எர்த் கம்பியைக் குறுகியதாகவும் நேராகவும் இறக்குக.

வாங்கச் செல்வோர் டிரான்ஸ்பார்மரின் பெயர்த் தகட்டிலுள்ள கே.வி.ஏ., வோல்ட் அளவுகளைக் குறித்துக்கொண்டு செல்க. விலைமலிவை மட்டும் கருதாது, தர முத்திரையையும் எண்ணெய்க்குச் சோதனைச் சான்றையும் கேட்டுப் பெறுக. மின்சாரத்தை முற்றும் நிறுத்திய பின்னரே, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்துவிக்க.